பெங்களூருக்குக் கொண்டுபோன வெள்ளைப் பொடி

ஓசூர் தாண்டும் இடத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி ஏறினார். ஒவ்வொருவர் மூட்டையாகத் தடவிக்கொண்டே வந்தவர், என் மடியில் இருந்த தகர டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பஞ்சுக்கு நடுவே ஆறு கண்ணாடிக் குப்பிகள். ஆறிலும் வெள்ளை வெளேரென்று பொடி.

“என்னம்மா இது?”

“துத்தநாக சல்பைடு சார்.”

“தமிழ்ல சொல்லு.”

“அதான் சார் தமிழு.”

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறேன், இது விளக்கு காட்டினால் ஒளிரும் பொடி, பெங்களூரில் சோதிக்கக் கொண்டுபோகிறேன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். “தின்னா என்ன ஆகும்?” என்று கேட்டார். “வயித்த வலிக்கும் சார்” என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. டப்பாவுக்கு அடியில் அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலம் இருந்தது. “இது?” முறுக்கு என்றேன். அதில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. அதற்கு முன் நான் மாநில எல்லையைத் தாண்டியதே கிடையாது. பெங்களூர் எனக்கு வெளிநாடு மாதிரிதான்.

அந்தப் பொடியை நம்பித்தான் என் பிஎச்.டி. இருந்தது. என் வழிகாட்டி நெல்லையப்பன் சார் அந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழவேண்டும். விழாவிட்டால் வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. “படிச்சுக் கிழிச்சது போதும்ட்டி” என்று அம்மா ஏற்கெனவே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தாள்.

பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். துத்தநாக சல்பைடு ஒரு குறைகடத்தி. புற ஊதா விளக்கைக் காட்டினால் அதன் எலக்ட்ரான் மேல்மாடிக்கு ஏறிக்கொள்ளும். பொடி சுத்தமாக இருந்தால் ஒரே குதியாகக் கீழே குதிக்கும். அப்போது வருவதும் புற ஊதாதான், நம் கண்ணுக்கு எட்டாது. நடுவில் யாராவது முக்காலி போட்டு வைத்திருந்தால் அதில் கால்வைத்து இறங்கும். அப்போதுதான் நீலமோ பச்சையோ கண்ணில் படும். அந்த முக்காலிக்குப் பெயர் குறை. ஓர் அணு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தாலும் குறை, அந்நிய அணு ஒன்று உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டாலும் குறை. லட்சத்தில் ஒன்று நுழைந்தால்கூடப் போதும், ஒளியின் நிறமே மாறிவிடும்.

எங்கள் பொடி முதலில் நீலமாகத்தான் ஒளிர்ந்தது. பூஜை விடுமுறைக்குப் பிறகு உலையின் சூட்டைக் கூட்டிச் சுட்டோம். அன்றிலிருந்து பச்சை. சூட்டில் கந்தக அணுக்கள் கழன்று ஓடிவிட்டன, அந்தக் காலி இடம்தான் பச்சைக்குக் காரணம் என்றார் சார். கருத்தரங்குகளில் மேடையேறிப் பேசியும் விட்டார். என் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்கள் அந்தக் காலி இடத்தின்மேல் நின்றன. பெங்களூரில் பொடியை நன்றாகக் குளிரவைத்து, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, ‘ஆமாம், காலி இடம்தான்’ என்று ஒரு வரைபடம் வாங்கிவந்தால் என் வேலை முடிந்தது.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கியதும் பல் கிட்டித்துவிட்டது. எங்கள் ஊரில் மார்கழியிலும் விசிறி ஓடும். இங்கே மனிதர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, கையில் டம்ளரை வைத்து உருட்டிக்கொண்டு, வாயிலிருந்து புகை விட்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பருத்திப் புடவையோடு நடுங்கினேன்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. பக்கத்தில் கூடை நிறையச் செவ்வந்தியோடு இருந்த அம்மாள் அவரைப் பார்த்துத் திருப்பிக் கத்தினாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, இடம் வந்ததும் தோளைத் தட்டி இறக்கிவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு அன்று மாலை அர்த்தம் கேட்டேன். “இந்தப் பொண்ணுக்கு எறங்குற எடம் தெரியல, நீ கத்தாதே, நான் பாத்துக்குறேன்” என்று சொன்னாளாம். எத்தனையோ தடவை அந்த ஊருக்குப் போய்விட்டேன், இன்றும் செவ்வந்திக் கூடையைப் பார்த்தால் அந்தக் கை நினைவுக்கு வரும்.

அர்த்தம் சொன்னவள் ஃபிலோமினா. ஆராய்ச்சி நிலையத்தில் அந்த ஒளி பிரிக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டவள். என்னைப்போலவே பிஎச்.டி. மாணவி, என் வயதுதான். லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி “சாப்டியா?”. இரண்டாவது, “ஸ்வெட்டர் இல்லையா?” மூன்றாவதாகத்தான் பொடியைப் பற்றிக் கேட்டாள்.

விடுதியில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். “எங்க வீட்டுக்கு வந்துடு, சும்மா பேஜார் பண்ணிக்காதே” என்று என் பையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துவிட்டாள். வழியில் ஓர் ஓட்டலில் நிறுத்தினாள். தோசைக்குள் சிவப்பாகச் சட்னி தடவி, மேலே வெண்ணெய்க் கட்டி வைத்துத் தந்தார்கள். தோசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாம்பாரை வாயில் வைத்தேன் பாருங்கள், தித்திப்பு! சாம்பாருக்கு வெல்லம் போடுவார்களோ? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாயசம்னு நெனச்சுக்கோ” என்றாள் ஃபிலோமினா. பிறகு சர்வரிடம், “ஒரு காபி, பை டூ” என்றாள். ஒரு காபி இரண்டு டம்ளரில் வந்தது. எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் கேலிதான் மிஞ்சும். இங்கே கோட்டு போட்டவர்களே பை டூ கேட்டு, நின்றபடி குடித்து, நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் வேறொரு வம்பு. பொடியைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். நிலையத்தில் அதைத் தயாரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கிடைக்கும், நாமே போய்க் கேன் வாடகைக்கு எடுத்து நிரப்பி வரவேண்டும் என்றாள் ஃபிலோமினா. அவளுக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார், ஆஸ்டின் டவுன் முனிராஜ். மூன்று பேருமாகப் போனோம். திரும்பும்போது அந்தப் பெரிய கேன் எங்கள் இருவர் முழங்காலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அதன் மூடியை இறுக்கக் கூடாது, இறுக்கினால் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு குழிக்கும் குபுக் குபுக்கென்று வெள்ளைப் புகை வந்தது.

“இன்னாமா இது, என் வண்டி ரயிலு மாரி போவுது?” என்றார் முனிராஜ்.

சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்காரர் “நெருப்பு! நெருப்பு!” என்று கன்னடத்தில் அலறினார். போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். முனிராஜ் தலையை வெளியே நீட்டி, கன்னடத்தில் பதில் கத்திவிட்டு எங்களிடம் தமிழில் சொன்னார்: “எரியலண்ணா, குளுருதுன்னு சொல்லிக்கிறேன். கொஞ்சம் நகருங்கன்னேன்.” போலீஸ்காரர் புகையில் விரலை நீட்டிப் பார்த்தார். பிறகு கையைக் காட்டி எங்களை முதலில் போகவிட்டார். அவ்வளவு மரங்கள் அந்தச் சாலையில் அப்போது இருந்தன. புகை மரநிழலில் தவழ்ந்து பின்னாலேயே வந்தது. நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து இறங்கினோம்.

மாலைக்குள் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

முதல் மூன்று குப்பிகளும் நீலம், ஒரு வம்பும் இல்லை. நான்காவது, பச்சை. வரைபடத்தில் மேடு ஏறி இறங்கியது. ஃபிலோமினா எழுந்துபோய்ப் பழைய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தாள். என்னுடையதன் மேல் அதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். இரண்டு மேடுகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

“இது நான் வேணும்னே காப்பர் கலந்து செஞ்ச பவுடர், கோமதி. உன்னோடதும் காப்பர்தான்.”

“அதெப்பிடி? எங்க லேப்ல காப்பரே கெடையாது. இது காலி இடம்லா!”

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. அறையை இருட்டாக்கினாள். என் நான்காம் குப்பிக்கு விளக்கைக் காட்டி அணைத்தாள். விளக்கு அணைந்த பிறகும் பொடி பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. தாமிரம் கலந்த பொடிதான் இப்படி விளக்கு போனபின்னும் விடாமல் ஒளிரும் என்று எனக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சாரே எனக்கு நடத்தியிருக்கிறார். ஊரில் விளக்கை அணைத்ததும் அறை விளக்கைப் போட்டுவிடுவோம், ஒருநாளும் இருட்டில் காத்திருந்து பார்த்ததில்லை.

இரண்டு அத்தியாயம் போயிற்று. அதைவிட, சாரிடம் எப்படிச் சொல்வது? மேடையேறிப் பேசிய மனுஷர். ‘யாரோ ஒரு பிள்ளை சொன்னாளாம், இவள் கேட்டுக்கிட்டு வந்தாளாம்’ என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டால்? அன்று லிங்கராஜபுரத்து வீட்டில் ஃபிலோமினாவின் அம்மா மீன்குழம்பு வைத்திருந்தார். நெல்லைப் பெண்ணுக்காக வெல்லம் இல்லாத குழம்பு என்று சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கேனைத் திருப்பிக் கொடுக்க முனிராஜ் காலையிலேயே தெருவில் வந்து நின்றார். கேனை ஏற்றப்போனால், “இரும்மா, வெள்ளிக்கெழம. பூஜ போடாம வண்டிய எடுக்க மாட்டேன்” என்றார். பின்பெட்டியிலிருந்து ஒரு சொம்பை எடுத்தார். பளபளவென்று தேய்த்த தாமிரச் சொம்பு. உள்ளே மஞ்சள் கரைத்து, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர். மாவிலையை அதில் முக்கி ஆட்டோவைச் சுற்றித் தெளித்துக்கொண்டே வந்தார். என் முகத்திலும் இரண்டு துளி விழுந்தது.

நான் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் துறையில் ஆயுத பூஜை என்றால் சாருக்குக் கல்யாணவீடு மாதிரி. பட்டு வேட்டி கட்டி, உலைக்குச் சந்தனம் வைத்து, தராசுக்குக் குங்குமம் வைத்து, மாணவர்கள் ஆளாளுக்குச் செய்த பொடியை எல்லாம் திறந்த கிண்ணத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்புவார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தாமிரச் சொம்புத் தண்ணீரை மாவிலையால் தெளிப்பார். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. ஈரத்தோடு ராத்திரி முழுக்கக் கிடக்கும். விடுமுறை முடிந்து நான் சுட்டதெல்லாம் அந்தக் கிண்ணத்துப் பொடிதான். அன்றுதான் சூட்டையும் கூட்டினோம்.

“முனிராஜண்ணே, இந்தத் தண்ணி கொஞ்சம் தருவீங்களா?”

“சாமி தண்ணிதானேமா, எடுத்துக்க. உடம்புக்கு நல்லதுதான்.”

ஃபிலோமினாவிடம் சொன்னேன். அவள் நடுத்தெருவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எங்க வீட்டுல தண்ணி தெளிக்கிறதுக்கு ஃபாதர் வருவாரு. உங்க ஊர்ல புரொபசரே தெளிப்பாரா?” என்றாள். ஆனால் நிலையத்துக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. என் நீலப் பொடியை இரண்டு பங்காக்கினாள். ஒரு பங்கில் முனிராஜின் தண்ணீரை மாவிலையாலேயே தெளிக்கச் சொன்னாள். இன்னொன்றை அப்படியே விட்டாள். இரண்டையும் மூடிய குவளைகளில் வைத்து, எங்கள் ஊரில் கூட்டிய அதே சூட்டில், யாரும் சீந்தாத ஒரு பழைய உலையில் சுட்டோம். “நல்ல ஃபர்னஸ்ல உட்டா எங்க பாஸ் என்னையே உள்ள வச்சுச் சுட்டுடுவாரு” என்றாள்.

நான்காம் நாள் காலை குவளைகளைத் திறந்தோம். தண்ணீர் படாதது நீலம். சூடு கூடியும் நீலம்தான். தெளித்தது பச்சை. விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் பச்சை.

ஃபிலோமினா என் தோளில் கைபோட்டாள். “அழகா இருக்குல்ல?” என்றாள். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

போன் பூத் பக்கத்துத் தெருவில் இருந்தது. சார் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். யார் தெளித்தது என்று மட்டும் சொல்லவில்லை. “பூஜையில வச்சப்போ தண்ணி பட்டிருக்கு சார்” என்றேன்.

“புளி போட்டுத் தேச்சேன்” என்றார் சார், தனக்குத்தானே பேசுவது மாதிரி. “முந்தின நாளே தண்ணி ஊத்தி வச்சேன். எலுமிச்சம்பழம் வேற பிழிஞ்சேன். ஏம்மா கோமதி, நான் தாமிரத்தக் கரைச்சுல்லா ஊத்தியிருக்கேன்!”

அடுத்து அவரே கேட்டார்.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“ஃபிலோமினாவுக்குத் தெரியும் சார்.”

“சரி. வா.” வைத்துவிட்டார்.

‘வேற யாருக்கும் தெரியுமா’ என்று ஏன் கேட்டார்? பஸ்ஸில் வழியெல்லாம் அதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். ஃபிலோமினா தந்த பழைய ஸ்வெட்டர் உடம்பில் இருந்தது. முனிராஜ் வாங்கிக் கொடுத்த பிரெட் பொட்டலம் மடியில் இருந்தது. ஓசூர் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வராமல் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் அந்த ஊரில் நான்கு நாள்தான் இருந்தேன்.

பாளையங்கோட்டையில் சார் அதிகம் பேசவில்லை. இரண்டு அத்தியாயங்களையும் தன் கையாலேயே ஆய்வேட்டிலிருந்து உருவி எடுத்தார். புதிதாக எழுதச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. “தாமிரம் வெளியிலேருந்து கலந்ததுன்னு மட்டும் போடு. எங்கேருந்துன்னு நீ எழுத வேண்டாம்.” எனக்கு மனசு கொஞ்சம் விட்டுப்போயிற்று. ஆனாலும் எழுதினேன். ஓய்வு பெறும் வாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு நடந்தபோது அவர் ஓய்வு பெற்று மாதங்கள் ஆகியிருந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“தாமிரம் வெளியிலிருந்து கலந்ததுன்னு எழுதியிருக்கீங்க. எங்கேருந்து கலந்தது? அது தெரியாம இத எப்படி ஒத்துக்கிறது?”

அரங்கம் முழுக்க ஆட்கள். அவருடைய பழைய மாணவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அத எங்கிட்ட கேளுங்க சார்” என்றார் நெல்லையப்பன் சார். “என் மேல தப்பச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் கூசும். அதனாலதான் எழுத வேண்டாம்னேன், நானே சொல்லிக்கிடலாம்னு. ஆயுத பூஜைக்கு அவ பொடிய சாமி முன்னால வச்சு, புளி போட்டுத் தேச்ச தாமிரச் சொம்புலேருந்து தண்ணி தெளிச்சது நாந்தான். காலி இடம்னு ஊரெல்லாம் பேசினதும் நாந்தான். பிள்ளைக்கு நல்லா வரணும்னுதான் தெளிச்சேன்.”

பிறகு தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார்.

“நல்லாத்தானே வந்திருக்கு” என்றார்.

அரங்கம் சிரித்தது. சாரும் சிரித்தார். நான் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன்.